அசையாத படம்

ஓய்வு பெற்று ஏழு மாதமாகிறது. ஃபோன் மட்டும் ஓயவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் டீவி வாங்குவதென்றாலும் முதலில் என்னிடம்தான் கேட்கிறார்கள். நானும் வழக்கமான கேள்விகளைக் கேட்பேன். கதிரைக்கும் சுவருக்கும் எத்தனை அடி? சன்னல் எந்தப் பக்கம்? கூடுதலாகப் பகலில் பார்ப்பீர்களா, இரவிலா? பாதிப் பேர் பதில் சொல்லாமல், "அதெல்லாம் விடுங்க அண்ணன், எது நல்லது?" என்பார்கள். ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவேன். முன்பென்றால் உட்கார வைத்து விளக்கியிருப்பேன். இப்போது முடியவில்லை.

போன வாரம் வந்த அழைப்பு வேறு மாதிரி. நான் வேலை பார்த்த டீவி நிறுவனத்தில், கடைசி மூன்று வருடம் நான் இருந்த தொலைபேசி மேசையில் இப்போது நிரோஷா இருக்கிறாள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரி.

"அண்ணே, வீட்டுல டீவி மாட்டுறப்ப கஸ்டமர்ட்ட கேட்டு எழுதி நிரப்புற ஃபோம் இருக்குல்ல, அத இனிமே ஃபோன்லயே நிரப்புற மாதிரி மாத்துறாங்க. கேள்விகளக் கொறைக்கணுமாம். பதினோராவது கேள்விய எடுத்துறலாமான்னு கேக்குறாங்க. அது எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. ஒங்களக் கேக்கச் சொன்னாங்க."

பதினோராவது கேள்வி இதுதான்: இந்தத் திரையில் அசையாத படம் ஏதாவது நெடுநேரம் ஓடுமா? ஓடுமென்றால், எதற்காக?

"எதற்காகன்னு கேட்டா கஸ்டமர் சிரிக்கிறாங்கண்ணே."

"எடுக்க வேணாம் எண்டு சொல்லுங்க பிள்ளை," என்றேன். காரணம் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஃபோனில் சொல்லக்கூடிய காரணமில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது படக்குழாய் காலத்தில். மருதானையில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் ஆறு வருடம் ஈயம் உருக்கினேன். பிறகு தட்டையான திரைகள் வந்தன. அவற்றுக்குள் பழுதுபார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சர்க்கியூட் போர்டை மாற்றுவார்கள், அல்லது திரையையே மாற்றுவார்கள். விலை கூடிய டீவிகளை மட்டும் விற்கும் ஒரு நிறுவனத்தில், வீடு வீடாகப் போய்ப் பொருத்திக் கொடுக்கும் பிரிவில் சேர்ந்தேன். வேன் ஓட்டியவர் ரஞ்சித். ஒருகொடவத்தைக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னைச் சிங்களத்தில் "அய்யே", அண்ணா, என்பார். பெட்டியின் மறுமுனையை இருபது வருடம் பிடித்தவர் அவர்தான். எங்கள் இருவருக்கும் இடது தோளில் ஒரே இடத்தில் வலி.

பிரிவின் பொறுப்பாளர் ஃபாரூக் சேர். மாளிகாவத்தைக்காரர். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டையின் கையை எந்த வெக்கையிலும் மடித்துவிடமாட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலைக்குப் போய் வந்தவர்கள் மாலையில், செய்த வேலையின் விவரம் எழுதிய ஜொப் கார்டை அவர் மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிப்பார். முதல் தரம் வேகமாக. இரண்டாம் தரம், பென்சில் நுனியை வரிகளுக்குக் கீழே ஓட்டிக்கொண்டு. பென்சில் நின்றால் ஒரு கேள்வி வரும்.

"சுவர் உறுதியானது" என்று எழுதியிருப்போம். பென்சில் அங்கே நிற்கும்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

அவ்வளவுதான் கேட்பார். துளை போட்டபோது விழுந்த தூள் சிவப்பா, சாம்பலா என்று சொல்ல வேண்டும். சிவப்பென்றால் செங்கல். சாம்பலென்றால் சீமெந்துக் கல், உள்ளே பொந்து இருக்கும், அதற்கு வேறு வகை ஆணி. சொல்லத் தெரியாவிட்டால் மறுநாள் காலையில் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பொரளையில் ஒரு வீட்டுக்கு நான் அப்படி இரண்டாம் தரம் போயிருக்கிறேன். "நெனச்சத நெனச்சதுண்டே எழுதுங்க. அதுல வெக்கமில்ல. பாத்ததுண்டு எழுதாதீங்க," என்பார்.

சிவபாதம் ஐயாவின் வீட்டுக்கு நாங்கள் முதலில் போனது அளவு பார்க்கத்தான். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், அடுக்குமாடியின் நாலாம் மாடி. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அளவு நாடாவை எடுப்பதற்குள் ஒரு தாளை நீட்டினார். மண்டபத்தின் வரைபடம். கதிரைக்கும் சுவருக்கும் ஒன்பது அடி இரண்டு அங்குலம். சன்னலின் அகலம். நாலு மணி வெயில் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதற்கு ஒரு புள்ளிக்கோடு.

"வேற என்ன அளவு வேணும் தம்பி?"

"எனக்கு இனி வேலையே இல்லை ஐயா," என்றேன்.

அவருடைய மனைவி மனோன்மணி அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்தார். "உவர் கட்டிலையும் அளந்துபோட்டுத்தான் படுப்பார்."

டீவிக்குக் காசு அனுப்பியவர் மெல்பேணில் இருந்த மகள். ஆக நல்லதாக வாங்குங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். எது ஆக நல்லது என்று தீர்மானித்தது மனோன்மணி அம்மா. காட்சியறைக்கு இருவரும் வந்தார்கள். கடையில் எல்லா டீவியும் ஆகக் கூடிய வெளிச்சத்தில், ஆகக் கூடிய நிறத்தில் ஓடும். அப்போதுதான் வழியில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அம்மா ஒரு திரைக்கு முன்னால் நின்று, அதில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

"உந்தப் பிள்ளைக்கு என்ன, காய்ச்சலே? முகம் சிவந்துபோய்க் கிடக்கு."

நான் ரிமோட்டை எடுத்து, கடைக்கான அமைப்பிலிருந்து சினிமாவுக்கான அமைப்புக்கு மாற்றினேன். முகம் முகமானது. "இப்ப சரி," என்றார். முப்பது வருடத்தில் நாங்கள் சொல்லாமலே அதைக் கண்டுபிடித்த வாடிக்கையாளர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

இரண்டு வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒன்றில் திரைக்குப் பின்னால் விளக்குகள். வெளிச்சம் கூடிய அறைக்கு அது நல்லது. மற்றது ஓலெட் எனப்படுவது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். ஆகவே கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். அதில் ஒரு குறை. ஒரே படம் அசையாமல் மாதக்கணக்கில் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட முந்தித் தேய்ந்துவிடும். பிறகு எதைப் போட்டாலும் அந்தத் தழும்பு தெரியும். என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். படம், கிரிக்கெட், கோயில் திருவிழா நேரலை, வீணைக் கச்சேரி என்றார்கள். எல்லாம் அசையும் படங்கள். மாலை வெயிலுக்குத் தடித்த திரைச்சீலை போட்டால் போதும். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓலெட்டைக் காட்டி, "இதில கறுப்பு கறுப்பா இருக்கு. மற்றதில சாம்பல்," என்றார். முடிந்தது.

தேய்மானத்தைப் பற்றி அன்று அவர்களுக்குச் சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம். ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன்.

பொருத்தப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் எல்லாம் சரியாக நடந்த நாட்கள் குறைவு. பெட்டியை நிமிர்த்தியபடியே கொண்டு போனோம். அறுபத்தைந்து அங்குலத் திரையைப் படுக்க வைத்தால் தன் பாரத்திலேயே விரிசல் விடும். தரையில் மட்டையை விரித்து, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தோம். ஐயாவையும் அம்மாவையும் வழக்கமாக அமரும் கதிரைகளில் அமரச் சொல்லி, கண்மட்டத்தை அளந்தேன். பெரும்பாலான வீடுகளில் டீவியைச் சாமிப்படம் போல உயரத்தில் மாட்டச் சொல்வார்கள். ஆறு மாதத்தில் கழுத்து வலி என்பார்கள். இங்கே அந்தச் சண்டை இல்லை. திரையின் நடுப்பகுதி கண்மட்டத்துக்கு வருமாறு கோடு போட்டேன். துளையிட்டேன். தூள் சாம்பல் நிறம். அதற்குரிய ஆணிகளை இறுக்கி, டீவியைத் தாங்கும் பிரக்கட்டில் என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். பிறகு ரஞ்சித்தும் நானும் விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி மாட்டினோம்.

அமைப்புக்கு ஒரு மணி நேரம். கடை வெளிச்சத்தைக் குறைத்து, நிறத்தைச் சூடான பக்கத்துக்குக் கொண்டுவந்து, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை நிறுத்தினேன். அது ஓடினால் நல்ல படமும் நாடகம் எடுத்தது போலத் தெரியும். முதலில், "மஞ்சள் அடிக்குது தம்பி," என்றார் அம்மா. "பத்து நிமிசம் பாருங்க அம்மா," என்றேன். பத்து நிமிடம் கழித்துப் பழைய அமைப்பைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். "ஐயோ, நீலம்! எடுங்கோ, எடுங்கோ," என்றார். அன்று ஜொப் கார்டில் ஃபாரூக் சேரின் பென்சில் எங்கும் நிற்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஐயா என் சொந்த நம்பருக்கு எடுத்தார். அம்மாவுக்குப் பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பேச்சில்லை, வலது பக்கம் அசைவில்லை. ஆனால் இடது காலை ஊன்றிக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். இரண்டு தரம் விழுந்துவிட்டார். மகள் சொல்லிப் படுக்கையறையில் ஒரு கெமரா பூட்டியிருக்கிறது. அந்தப் படத்தை மண்டபத்து டீவியில் எடுக்க வேண்டும். ஃபோனின் சின்னத் திரையில் அவருக்குக் கண் தெரியவில்லை. சமையலறையில் நின்றாலும் டீவி தெரியும்.

அதற்கு ஜொப் கார்ட் போடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு உதவியாகத்தான் போனேன். கெமராவோடு வந்த பெட்டியை டீவியின் கீழே வைத்து ஒரு வயர் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. திரையில் படுக்கையறை வந்தது. இடது பக்கம் சன்னல். நடுவில் இரும்புக் கம்பிகள் வைத்த வாடகைக் கட்டில். மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் திகதியும் நேரமும். கட்டிலில் அம்மா. அந்த அளவில், அந்தத் துல்லியத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க நான் ஆயத்தமாக இருக்கவில்லை.

இரண்டாம் நாள் மறுபடியும் எடுத்தார். "தம்பி, கொஞ்ச நேரத்தில படம் தன்ர பாட்டில மங்குது. பிறகு நிண்டே போகுது. எனக்கு நெஞ்சு பதறுது."

அது பழுதல்ல. அசையாத படத்தைக் கண்டால் அந்த டீவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கும். சில மணி நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். அந்தப் பாதுகாப்பை வாடிக்கையாளரால் நிறுத்த முடியாது. எங்களிடம் இருந்த சேவை ரிமோட்டால் முடியும். அதைத் தொழிற்கூடத்தில் சோதனைக்கு மட்டும்தான் பாவிக்க வேண்டும்.

மறுபடியும் போனேன். என் பையில் அது இருந்தது. நிறுத்திவிட்டேன்.

ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதனால் திரைக்கு என்ன ஆகும் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு, களைப்பு, அவசரம், இரக்கம் என்று பல மாதம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பிறகு வருகிறது.

அம்மா பதினாறு மாதம் இருந்தார். செத்த வீட்டுக்கு நானும் ரஞ்சித்தும் போனோம். டீவியை ஒரு வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சில வாரங்களில் ஜொப் கார்ட் ஒன்று வந்தது. பெயரைப் பார்த்ததும் வேறு யாருக்கும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். முறைப்பாடு: திரையில் கறை.

திரை முழுவதும் ஒரே சாம்பல் நிறம் வரும் சோதனைப் படத்தைப் போட்டேன். எல்லாம் இருந்தது. சன்னல், ஒரு மங்கிய சதுரமாக. கட்டிலின் மூன்று கம்பிகள், குறுக்கே மூன்று கோடுகளாக. மேல் மூலையில் நேரம் ஓடிய இடம் அழிரப்பரால் தேய்த்த அழுக்குப் போல. அதற்குப் பக்கத்தில், மாறாமல் நின்ற எழுத்துகள் மட்டும் வாசிக்கக்கூடியதாக. அம்மா இல்லை. அசைந்தவர் அவர் மட்டும்தானே. அவர் படுத்திருந்த இடம் துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

ரஞ்சித் பல்கனிக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒரு பயம் இருந்தது. இதை அழிக்க வேண்டாம், அவளுடைய நினைவாக இருக்கட்டும் என்று ஐயா சொல்லப்போகிறாரோ என்று. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது என் மேலேயே வெறுப்பு வந்தது.

"மாத்தித் தரலாமே தம்பி?" என்றார் அவர். "கிரிக்கெட் போட்டாலும் உந்தக் கம்பி தெரியுது. பச்சைப் புல்லுக்கு மேல அந்த மூண்டு கோடு. என்னால பாக்கேலாது. வொரன்டி இருக்குத்தானே?"

வொரன்டி இருந்தது. ஆனால் இந்த வகைத் தேய்மானம் அதில் சேராது. பார்த்துச் சொல்கிறேன் என்று இறங்கினேன்.

அன்று மாலை ஜொப் கார்டில், "வாடிக்கையாளரின் பாவனையால் ஏற்பட்ட தேய்மானம்" என்று எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாத வரி. நூறு கார்டில் எழுதப்பட்ட வரி.

ஃபாரூக் சேர் முதல் தரம் வாசித்தார். இரண்டாம் தரம் பென்சிலோடு வாசித்தார். பென்சில் நிற்கவில்லை. கார்டோடு நான் இணைத்திருந்த தாளுக்குப் போனது. டீவி தன் உள்ளே எழுதி வைக்கும் பதிவு அது; எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த அமைப்பு எப்போது மாறியது என்றெல்லாம் இருக்கும். அங்கே பென்சில் நின்றது.

"பாதுகாப்ப நிப்பாட்டி ஈக்கி," என்றார். "சேவை ரிமோட்டால. இந்தத் திகதிக்கு நம்ம ஜொப் கார்ட் ஒண்டும் இல்லயே."

பதிவில் திகதிதான் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. எங்கள் பிரிவில் அந்த ரிமோட் ஆறு பேரிடம் இருந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு நேரம் கொடுக்கிறார் என்று விளங்கியது.

"நான்தான் சேர்."

"அவருக்கு என்ன நடக்குமுண்டு செல்லினீங்களா?"

"இல்லை."

"என்னத்துக்கு செல்லல்ல?"

வெளியே ரஞ்சித் வேனைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது.

"அந்த அம்மா கனகாலம் இருக்கமாட்டா எண்டு நினைச்சன் சேர்," என்றேன். "ரெண்டு மாசம், மிஞ்சினா மூண்டு. அதுக்குள்ள திரைக்கு ஒண்டும் ஆகாது. அப்பிடி ஒரு கணக்குப் போட்டன். அதை அவர்ட்ட எப்பிடிச் சொல்றது?"

ஃபாரூக் சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பார்த்தீர்களா, நினைத்தீர்களா என்ற வழக்கமான கேள்வியைக் கேட்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒரு புது ஜொப் கார்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். "ரிமோட்ட பாவிச்சது நான், வெளங்கப்படுத்தல்லண்டு எழுதுங்க. அது கொம்பனிக்கு. கடைசியா செல்லினீங்களே, அத இதுல எழுத வேணாம். அத அவர்ட்ட போய் செல்லுங்க."

"சேர், அது அவரை இன்னும் நோகடிக்கும்."

"நோகும்," என்றார். "ஆனா அந்தாள் இப்ப தான்தான் டீவிய நாசமாக்கினண்டு நெனச்சிட்டு ஈக்கிறார். போங்க."

மறுநாள் தனியாகப் போனேன். ஐயா மண்டபத்தில் திரைக்கு முதுகைக் காட்டிக் கதிரையைத் திருப்பிப் போட்டு அமர்ந்திருந்தார். சன்னலால் கடல் ஒரு துண்டு தெரிந்தது. இருக்கச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். ரிமோட்டைப் பற்றிச் சொன்னேன். திரைக்கு என்ன ஆகும் என்று அன்றே எனக்குத் தெரியும் என்றேன். பிறகு நான் போட்ட கணக்கையும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார், போ என்பார், அல்லது அழுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கதிரையின் கைப்பிடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசம் எண்டுதான் நானும் நினைச்சனான் தம்பி," என்றார். "டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவர்."

நான் அமர்ந்தேன்.

"பிறகு அவ இருந்தா. ரெண்டு மாசம், ஆறு மாசம், ஒரு வருசம். நான் உதில பாத்துக்கொண்டே இருந்தனான். சமைக்கேக்க, சாப்பிடேக்க. கால் அசைஞ்சா ஓட வேணும். எனக்கும் எழுபத்தாறு. ஒருநாள் உந்தத் திரையைப் பாத்துக்கொண்டு, போதும், இனிப் போகட்டும் எண்டு நினைச்சிட்டன். வாய் விட்டுச் சொல்லேல்ல. நினைச்சதுதான். அண்டைக்கு அவ திரும்பிக் கெமராவைப் பாத்தவ. சும்மா பாத்திருப்பா. எனக்கு அது போகுதில்லை. உந்தக் கம்பியைப் பாக்கிற நேரமெல்லாம் அந்த நினைப்புத்தான் வருது."

"நானும் அப்பிடித்தானே ஐயா நினைச்சன்," என்றேன்.

"ஓம்," என்றார். "அதுதான் உங்களோட கதைக்கலாம் போல கிடக்கு. பிள்ளையோட கதைக்கேலாது."

அன்று நான் போட்ட தேத்தண்ணியைத்தான் இருவரும் குடித்தோம். சீனிப் போத்தல் எங்கே என்று அவருக்கு உடனே நினைவு வரவில்லை.

என் கார்டின் கீழே ஃபாரூக் சேர், "பொருத்துநரின் தவறு, நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும்" என்று தன் கையெழுத்தில் எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வாடிக்கையாளரின் பாவனை என்று ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அல்லவா. இரண்டு மாதம் கடிதம் போய்க் கடிதம் வந்தது. சேர் ஒவ்வொன்றுக்கும் அதே வரியைப் பதிலாக எழுதினார். கடைசியில் புதுத் திரை தரச் சம்மதித்தார்கள். என்னிடமிருந்து சேவை ரிமோட்டைத் திருப்பி வாங்கினார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். வீடுகளுக்குப் போவதை நிறுத்தித் தொலைபேசி மேசையில் போட்டார்கள். அது நியாயம்தான். தோளுக்கும் அது நல்லதாகப் போனது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். ஃபோமில் பதினோராவது கேள்வியைச் சேர்த்தவர் ஃபாரூக் சேர். "எதற்காக" என்ற சொல்லை அவர் எழுதவில்லை. நான் கேட்டுச் சேர்த்தது அது.

நான் வீட்டுக்குப் போய்ச் செய்த கடைசி வேலை அந்தத் திரையை மாற்றியது. ரஞ்சித்தோடுதான் போனேன். பழையதைக் கழற்றி, துணியால் சுற்றி, நிமிர்த்தி வைத்தோம். புதியதை மாட்டி, சாம்பல் நிறச் சோதனைப் படத்தைப் போட்டேன். மேலிருந்து கீழ் வரை ஒரே நிறம். ஐயா கிட்ட வந்து, மூக்கு முட்டுமளவுக்கு நின்று, சன்னல் இருந்த இடத்தைப் பார்த்தார். கம்பிகள் இருந்த இடத்தைக் கையால் தொடப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"ஒண்டுமில்லை," என்றார்.

அம்மா விரும்பிய அமைப்பையே போட்டேன். அந்த எண்கள் எனக்கு மனப்பாடம். பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். ரஞ்சித் பழைய திரையோடு கீழே இறங்கினார். ஐயா கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு அமர்ந்தார். எங்கோ ஒரு டெஸ்ட் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போட்டு ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

சனங்களின் ஆரவாரம் மண்டபத்தை நிறைத்தது. உடனே அவருடைய கட்டைவிரல் சத்தத்தை அடியோடு இறக்கியது. தலை படுக்கையறைப் பக்கம் சாய்ந்தது; காது கொடுத்துக் கேட்டார். பதினாறு மாதமாக அப்படித்தான் அமர்ந்திருந்திருக்கிறார். நான் கருவிகளைப் பையில் போடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அறைக்குள் யாரும் இல்லை. கட்டிலை வாடகைக்குக் கொடுத்தவர் எடுத்துப் போய்விட்டிருந்தார்.

அவர் தன் விரலைப் பார்த்தார். பிறகு ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துச் சத்தத்தைக் கூட்டினார். ஒன்று. இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் பொறுத்துப் பொறுத்து. பன்னிரண்டு வந்ததும் நிறுத்தினார்.

"இவ்வளவு காணும், என்ன?"

"காணும் ஐயா."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியால் இறங்கினேன். இரண்டாம் மாடி வரைக்கும் அந்த ஆரவாரம் கேட்டுக்கொண்டிருந்தது.